ஆளைத் திருத்தாதேங்கோ – 'டேர்' இசைத்தொகுப்பை முன்வைத்து

இரண்டு தரப்பாரோடு எங்களுக்குச் சண்டை இருக்கிறது.

முதல் தரப்பு மூத்தவர்கள். லப்டொப்பில் பாட்டுச் செய்கிற எந்தப் பிள்ளையைக் கண்டாலும், "உது மெசின் பாட்டு. ட்ரம்ஸ் அடிக்க ஆளில்லை, கிற்றார் வாசிக்க ஆளில்லை. உதுக்க உயிர் எங்க கிடக்கு?" என்று கேட்பவர்கள். இரண்டாம் தரப்பு எங்கட வயதுக்காரரே. செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு வரியைத் தட்டிக் கொடுத்து, அது துப்பின பாட்டைத் தங்கட பெயரில் ஏற்றிவிட்டு, ஆராவது கேள்வி கேட்டால், "சிந்தசைசர் வரேக்கையும் எல்லாரும் இப்பிடித்தான் கத்தினவை. இப்ப பாருங்கோ, அதைக் கும்பிடாத ஆளில்லை" என்று வாயை அடைக்கிறவர்கள்.

இந்த இரண்டு தரப்பையும் ஒரே வாங்கில் இருத்திவைத்துக் கேட்கவைக்க வேண்டிய இசைத்தொகுப்பு ஒன்று இருக்கிறது. 1981 ஒக்ரோபரில் வெளிவந்த 'டேர்'. செய்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து 'த ஹியூமன் லீக்' குழு. பத்துப் பாட்டு. கிற்றார் இல்லை. ட்ரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை. முழுக்க சிந்தசைசரும் ட்ரம் மெசினும் மனிதக் குரலும்தான். பங்க் அலை ஓய்ந்த கையோடு வந்த நியூ வேவ் பொப் இசையில் இதைவிடப் புகழ் பெற்ற தொகுப்புகள் குறைவு. பிரித்தானியத் தரவரிசையில் முதலாம் இடத்துக்குப் போனது. இதன் கடைசிப் பாட்டு அமெரிக்காவிலும் முதலாம் இடத்துக்குப் போனது.

இதில் உயிர் இல்லை என்கிறவருக்கும் காது சரியில்லை. இதைக் காட்டித் தங்கட சோம்பலுக்கு வக்காலத்து வாங்கிறவருக்கும் காது சரியில்லை. ஏன் எண்டு சொல்லுறம்.

வாசிக்கத் தெரிந்தவை போன பிறகு

இந்தத் தொகுப்பு எப்படி உருவானது என்று தெரியாமல் இதைப் பற்றிக் கதைக்கேலாது.

ஹியூமன் லீக் 1977 இல் தொடங்கிய குழு. சிந்தசைசர் தவிர வேறு வாத்தியம் வேண்டாம் என்பது அவர்களின் கொள்கை. முதல் இரண்டு தொகுப்புகளும் விமர்சகர்களுக்குப் பிடித்திருந்தன. கடைகளில் பெரிதாகப் போகவில்லை. 1980 இல் குழு உடைந்தது. மார்ட்டின் வேயரும் இயன் கிரெய்க் மார்ஷும் வெளியேறி 'ஹெவன் 17' என்ற குழுவைத் தொடங்கினார்கள். குழுவின் இசை மூளை என்று எல்லாரும் நினைத்திருந்தது அந்த இரண்டு பேரையும்தான்.

மிஞ்சினது ஆர்? ஒருவர் ஃபிலிப் ஓக்கி. குழுவுக்குப் பாட வருவதற்கு முதல் ஆஸ்பத்திரியில் நோயாளர்களைத் தள்ளிச்செல்கிற சிற்றூழியராக வேலை செய்தவர். வாத்தியம் எதுவும் ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. அவரைச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரு காரணமே அவரின் உடுப்பும் தலைமயிரும்தான். மற்றவர் ஃபிலிப் ஏட்ரியன் றைட். கச்சேரியில் பின்னால் ஸ்லைட் படம் காட்டுகிறவர். அதுதான் அவரின் பிரதான வேலை.

குழுவின் பெயர் இவர்களுக்கு வந்தது. கடனும் சேர்ந்து வந்தது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சுற்றுப்பயணம் வேறு வாசலில் நின்றது. ஓக்கி ஷெஃபீல்டில் 'கிரேஸி டெய்ஸி' என்ற இரவு விடுதிக்குப் போனார். அங்கே ஆடிக்கொண்டிருந்த இரண்டு சிநேகிதிகளைக் கண்டு, குழுவில் சேரச் சொல்லிக் கேட்டார். ஜோஆன் கத்தரோலுக்கு 18 வயது, சூசன் ஆன் சலிக்கு 17. இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். பாடகிகளாக எந்தப் பயிற்சியும் இல்லை.

பத்திரிகைகள் சிரித்தன. வாசிக்கத் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள், படங்காட்டியும் டிஸ்கோப் பெட்டைகளும்தான் மிச்சம் என்று நையாண்டி செய்தார்கள்.

அந்தக் காலத்து ஷெஃபீல்டையும் ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. எஃகு ஆலைகளில் வாழ்ந்த நகரம். 1980 இன் தொடக்கத்தில் நாடு தழுவிய எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூன்று மாதம் நடந்தது. தட்சரின் ஆட்சியில் ஆலைகள் ஒவ்வொன்றாக ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தன. 1982 ஜனவரியில் பிரித்தானியாவில் வேலையில்லாதவர்களின் தொகை 30 இலட்சத்தைத் தாண்டியது. அதற்குச் சற்று முந்திய கிழமைகளில் நாட்டின் முதலாம் இடத்தில் இருந்த பாட்டு 'டோன்ட் யூ வோண்ட் மீ'. எழுதினது மூன்று பேர்: முன்னாள் ஆஸ்பத்திரி ஊழியர் ஓக்கி, ஸ்லைட் காட்டின றைட், 'ரெஸில்லோஸ்' என்ற பங்க் குழுவில் கிற்றார் வாசித்துவிட்டு வந்து கீபோர்ட் பழகிய ஜோ கலிஸ்.

தகுதிச் சான்றிதழ் கேட்கிற எவரும் வாசலிலேயே மறித்திருக்கக்கூடிய கூட்டம் இது.

மெசின் என்ன செய்தது

அப்ப மெசின்தான் எல்லாத்தையும் செய்துதா? இங்கேதான் இரண்டு தரப்பும் ஒரே பிழையை விடுகின்றன. விசையை அழுத்தினால் பாட்டு வந்துவிடும் என்றுதான் இருவரும் நினைக்கிறார்கள். ஒருவர் அதைத் திட்டுகிறார், மற்றவர் அதைக் கொண்டாடுகிறார்.

தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷன்ட். அதற்கு முதல் 'ஸ்ட்ராங்ளர்ஸ்', 'பஸ்கொக்ஸ்' போன்ற கிற்றார்க் குழுக்களுக்கு வேலை செய்தவர். பார்க்ஷயரில் சொந்த ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தார். அவரிடம் இரண்டு முக்கியமான கருவிகள் இருந்தன. ஒன்று, ரோலண்ட் எம்சி-8. ஒரு சுரத்தை எந்த உயரத்தில், எவ்வளவு நேரம், எங்கே நிறுத்தி ஒலிக்க வேண்டும் என்பதை எண் எண்ணாக விசைகளில் தட்டிப் பதிகிற கருவி. ஒரு சின்ன மெட்டுக்கே நிறைய எண் வேண்டும். பிழைத்தால் திரும்பத் தட்ட வேண்டும். விரலால் வாசிக்கத் தெரிந்தவன் சில நிமிடத்தில் முடிக்கிற வேலைக்கு இதில் மணிக்கணக்காகும்.

மற்றது, லின் எல்எம்-1. றொஜர் லின் 1980 இல் கொண்டுவந்த ட்ரம் மெசின். அதற்கு முந்திய ட்ரம் மெசின்கள் மின்சுற்றால் உண்டாக்கிய 'டிக் டிக்' ஓசையைத்தான் தந்தன. இதில்தான் முதன்முதலாக உண்மையான ட்ரம்ஸில் அடித்த அடிகளை டிஜிட்டலாகப் பதிந்து வைத்தார்கள். விலை ஏறத்தாழ 5,000 அமெரிக்க டொலர். மொத்தமாகச் செய்தது 500 அளவில்தான். 'ஆரும் செய்யலாம்' என்ற கதை இந்த இடத்தில் கொஞ்சம் நொண்டுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கருவி மலிவாக இருக்கவில்லை. ஒரு பெரிய நிறுவனத்தின் காசும், அனுபவமுள்ள தயாரிப்பாளரும் பின்னால் நின்றபடியால்தான் இந்தப் பிள்ளைகளின் கைக்கு அது எட்டியது.

எட்டின பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் விசயம். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு 'லவ் அக்ஷன்' பாட்டைக் கேளுங்கோ. ஒவ்வொரு ஒலிக்கும் தனி இடம் இருக்கிறது. பாஸ் வரி ஒரு மூலையில், அதற்குப் பதில் சொல்கிற சின்ன மெட்டு இன்னொரு மூலையில். ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதிக்காது. கனக்க ஒலி இருக்கிற மாதிரித் தெரியும். எண்ணிப் பார்த்தால் கொஞ்சம்தான். மெசின் எத்தனை ஒலியையும் கொட்டத் தயாராக இருந்தது. எதைக் கொட்டக்கூடாது என்று தீர்மானித்தது மனிசர்.

அடுத்த ஆண்டு ரஷன்ட் இதே பாட்டுகளை வைத்து 'லவ் அண்ட் டான்சிங்' என்ற மறுகலவைத் தொகுப்பைச் செய்தார். ஒரு கொம்பியூட்டரில் வெட்டி ஒட்டுகிற காலம் அல்ல அது. நாடாவைக் கையால் வெட்டி வெட்டி ஒட்டினார். இதைத்தான் 'மெசின் செய்த பாட்டு' என்று சொல்லினம்.

நேராக்காத குரல்

எங்களைப் பொறுத்தவரை 'டேர்' இன் உண்மையான சாதனை வேறொன்று.

எல்எம்-1 களைக்காது, பதறாது, வேகம் பிசகாது. அந்தப் பிசகாத தாளத்துக்கு மேலே வைத்தது என்ன? பயிற்சியில்லாத மூன்று குரல். ஓக்கியின் குரல் ஆழமானது, கொஞ்சம் மரத்தது, உணர்ச்சி வருகிற இடத்திலும் அறிவிப்பாளர் மாதிரி நிற்கிறது. 'லவ் அக்ஷன்' இன் நடுவில் பாடுவதை விட்டுவிட்டுத் தன்ர பெயரைச் சொல்லிக் கதைக்கவே தொடங்கிவிடுவார். கத்தரோலும் சலியும் பாடுவது, சிநேகிதிகள் இரண்டு பேர் பஸ்ஸில் பாடிக்கொண்டு போகிற மாதிரி. அழகுக்கு ஒரு நெளிவு இல்லை, மூச்சை மறைக்கிற வித்தை இல்லை.

ஒரு நல்ல ட்ரம்ஸ்காரர் பின்னால் இருந்தால் பாடகர் சறுக்குகிற இடத்தில் அவரும் சேர்ந்து சறுக்கி மூடிவிடுவார். மெசின் மூடாது. ஆகவே குரலின் ஒவ்வொரு சாய்வும் அப்படியே வெளியே தெரிகிறது. தாளம் இவ்வளவு நேராக இருப்பதால்தான் குரலின் கோணல் இவ்வளவு மனிதத்தனமாகக் கேட்கிறது. உயிர் எங்க கிடக்கு எண்டு கேட்டவைக்குப் பதில் இதுதான். அந்தக் கோணலுக்கதான் கிடக்கு.

'டோன்ட் யூ வோண்ட் மீ' இதன் உச்சம். முதல் பாதியில் ஒரு ஆண் பாடுகிறான். நீ பரிமாறுகிற வேலை செய்துகொண்டிருந்தாய், நான்தான் உன்னைக் கண்டெடுத்தேன், நான்தான் ஆளாக்கினேன், என்னை விட்டுப் போனால் திரும்ப அங்கேயே தள்ளுவேன் என்கிறான். காதல் பாட்டு என்று நினைத்துக் கலியாண வீடுகளில் போடுகிறார்கள். வடிவாகக் கேட்டால் அது மிரட்டல். பிறகு சலி வருகிறார். அந்த வேலையில் இருந்தது உண்மைதான், ஆனால் நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் மேலே வந்திருப்பேன் என்கிறார். அழவில்லை, கத்தவில்லை. ஒரு கணக்கை முடித்துக் காசைக் கையில் தருகிற குரல்.

அந்த இடத்தில் ஒரு பெரிய பாடகியை வைத்திருந்தால் பாட்டு செத்திருக்கும். வித்தை காட்டுகிற குரலில் அந்தப் பதில் ஒரு நடிப்பாகிவிடும். இரவு விடுதியில் 'கண்டெடுக்கப்பட்ட' ஒரு பதினெட்டு வயதுப் பெட்டை, தன்னைக் கண்டெடுத்தவனுக்குப் பக்கத்தில் நின்று, கண்டெடுத்ததால் நீ எனக்குச் சொந்தக்காரனில்லை என்று பாடுகிறார். அந்தப் பொருத்தத்தை எந்த இசைக்கல்லூரியிலும் வாங்கேலாது.

ஓக்கிக்கே இந்தப் பாட்டுப் பிடிக்கவில்லை. தொகுப்பின் கடைசியில் கொண்டுபோய் வைத்தார், தனிப்பாட்டாக வெளியிடவும் எதிர்ப்புச் சொன்னார். வேர்ஜின் நிறுவனம்தான் வற்புறுத்தி வெளியிட்டது. பிரித்தானியாவில் மட்டும் 15 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

மற்றப் பாட்டுகளையும் விட்டுவிடாதேங்கோ. முதல் பாட்டான 'த திங்ஸ் தட் ட்ரீம்ஸ் ஆர் மேட் ஒஃப்' சின்னச் சின்ன ஆசைகளின் பட்டியல். அதற்குள் 'ரமோன்ஸ்' என்ற பங்க் குழுவினரின் பெயர்களும் வரும். கிற்றாருக்கு எதிரிகள் என்று சொல்லப்பட்டவர்கள் கிற்றார்க் குழுவுக்கு வைத்த மரியாதை அது. 'கெட் கார்ட்டர்' ஒரு நிமிடமளவில் முடிகிற பழைய படமொன்றின் மெட்டு, மெலிந்த ஒற்றை ஒலியில். அதிலிருந்து 'ஐ ஆம் த லோ' வழியாக 'செக்கன்ட்ஸ்' க்கு வரும்போது அறை இருட்டாகிவிடும். கென்னடி சுடப்பட்ட கணத்தைப் பற்றிய பாட்டு அது. நடனத்துக்கான தாளத்தில் ஒரு கொலையைப் பார்க்கவைக்கிறார்கள். எல்லாம் பொன் என்று சொல்லமாட்டோம். 'டூ ஓர் டை' தேவைக்கு மேல் நீளம். 'ஐ ஆம் த லோ' யோசனையாக நல்லது, பாட்டாகச் சப்பை.

மூத்தவர்களுக்கு

1982 இல் பரி மனிலோ பிரித்தானியாவில் கச்சேரி செய்தபோது வாத்தியக்குழுவின் இடத்தில் சிந்தசைசர்களை வைத்தார். அந்த ஆண்டு பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசரையும் ட்ரம் மெசினையும் தடைசெய்ய வேண்டுமென்று தீர்மானம் போட்டது. சங்கம் முழுமையாக அதை ஏற்கவில்லை.

அந்தத் தீர்மானத்தை இண்டைக்கு நக்கலடிக்கிறது லேசு. நாங்கள் நக்கலடிக்கமாட்டம். வயலின் வாசித்து வீட்டு வாடகை கட்டுகிறவர்கள் தங்கட வேலை போகப்போகுது என்று பயந்தார்கள். அது சோறு பற்றிய வாதம். அதில் நியாயம் இருந்தது. பரிகாரம்தான் பிழை: கருவியைத் தடைசெய்தால் மனிலோவின் முகாமையாளருக்கு ஒன்றும் ஆகாது, ஷெஃபீல்ட் பிள்ளைகளுக்குத்தான் வாசல் அடைபடும்.

ஆனால் நீங்கள் கதைப்பது சோற்றைப் பற்றியல்ல. நீங்கள் உயிரைப் பற்றிக் கதைக்கிறீர்கள். அது வேறு. அதே நீங்கள்தான் 'புன்னகை மன்னன்' பாட்டு வந்தால் சத்தத்தைக் கூட்டுகிறீர்கள். 1986 இல் இளையராஜா அந்தப் படத்துக்குக் கொம்பியூட்டர் சீக்குவென்சரைப் பயன்படுத்தினார். அதுவும் மெசின்தான். அப்ப மட்டும் உயிர் எங்கயிருந்து வந்தது? உங்கட இளமையில் கேட்டதால் வந்ததா? உங்கட பிள்ளை படுக்கையறையில் இருந்து செய்கிற பாட்டில் உயிர் இல்லை என்று சொல்ல முதல் அதை ஒருக்கா முழுசாகக் கேளுங்கோ.

எங்கட வயதுக்காரருக்கு

இனி உங்களிட்ட வாறம்.

"சிந்தசைசருக்கும் இப்பிடித்தான் சொன்னவை." சரி, சொன்னவைதான். ஒரு கருவியைப் பற்றிச் சொன்ன பயம் பிழைத்தது என்பதால், இன்னொரு கருவியைப் பற்றிய ஒவ்வொரு பயமும் பிழை என்று ஆகிவிடுமா? எல்எம்-1 ஐ வாங்கினவனுக்கு அடியை எங்கே போடுவது என்று அது சொல்லவில்லை. அவன்தான் போட வேண்டும். எம்சி-8 மெட்டுத் தரவில்லை. அதற்கு ஒவ்வொரு எண்ணையும் ஆராவது கொடுக்க வேண்டும். 'டேர்' இல் எந்த ஒலியைச் சுட்டிக்காட்டி "இதை ஏன் இங்க வைச்சனீங்கள்?" என்று கேட்டாலும் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். உங்கட பாட்டில் ஒரு இடத்தைக் காட்டிக் கேட்டால் ஆர் பதில் சொல்லுவினம்?

அந்த மென்பொருள் எதைத் தின்று வளர்ந்தது என்றும் கேட்க வேண்டும். 2024 ஜூனில் பெரிய இசை நிறுவனங்கள் 'சூனோ', 'யூடியோ' என்ற இரண்டு பாட்டுச் செய்கிற செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டன. அனுமதி கேட்காமல் தங்கட ஒலிப்பதிவுகளை எடுத்துப் பயிற்றுவித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பெரிய நிறுவனங்களுக்காக நாங்கள் அழப்போவதில்லை. ஆனால் அவற்றுக்கு வழக்கறிஞர் இருக்கிறார். ஒரு சின்ன ஊரில் இருந்து தன்ர பாட்டை இணையத்தில் ஏற்றின பிள்ளைக்கு ஆர் இருக்கினம்?

இதற்கு மேலே எங்களைக் கோபப்படுத்துகிறது வேறொன்று. அந்த மென்பொருள் தருகிற குரலைக் கேளுங்கோ. மூச்சு சரியான இடத்தில் வரும். சுருதி நிற்கும். ஒரு இடத்திலும் ஒரு ஆள் தட்டுப்படமாட்டார். சலியின் குரலை 'டேர்' எதற்காக வைத்திருந்ததோ, அதை இது முதல் வேலையாக அழித்துவிடுகிறது. எல்எம்-1 ஆளை உள்ளே விட்டது. இது ஆளுக்கு வேலையில்லை என்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது வரலாறு தெரியாத கதை. அதுக்கு மேலே ஊதா நிற நியொன் வெளிச்சத்தையும் இரண்டு சிந்தசைசர் ஒலியையும் போட்டு 'எண்பதுகளின் உணர்வு' என்று விற்கிறது, இன்னும் மோசம். எண்பதுகளின் உணர்வு என்பது வேலையில்லாத ஒரு நகரத்துக் குழுவின் ஆறு பேர், மாதக்கணக்காக எண் தட்டிக்கொண்டிருந்தது.

கடைசியாக

நாங்கள் மெசினுக்கு எதிரிகளில்லை. எங்களில் ஆரிட்டயும் ஒலிப்பதிவுக்கூடம் இல்லை. கையில் இருக்கிறது பழைய லப்டொப்பும் ஃபோனும் காசில்லாமல் கிடைக்கிற மென்பொருளும்தான். 1981 இல் 5,000 டொலருக்கு விற்ற ட்ரம் மெசினின் ஒலிகள் இப்போது எவருடைய ஃபோனிலும் கிடக்கின்றன. அதைப் பாவியுங்கோ. வெட்கப்படாமல் பாவியுங்கோ. தாளத்தை மெசினிடம் விடுங்கோ. ஆனால் உங்கட குரலை அதிட்ட குடுத்து நேராக்காதேங்கோ. உங்கட ஊர்ப் பேச்சு வந்தால் வரட்டும். சுருதி கொஞ்சம் கீழே நின்றால் நிற்கட்டும். பாடத் தெரியாத சிநேகிதியைக் கூப்பிட்டு இரண்டாவது சரணத்தை அவளிடம் கொடுங்கோ. அவள் அதை உங்களுக்கு எதிராகவே பாடினாலும் பரவாயில்லை.

அந்த இரண்டு 'டிஸ்கோப் பெட்டைகளும்' சுற்றுப்பயணத்துக்கு மட்டும் என்று சேர்க்கப்பட்டவர்கள். பிறகு கலிஸ் போனார், பேர்டன் என்ற கீபோர்ட்காரர் போனார், ஸ்லைட் காட்டின றைட்டும் போனார். நாற்பது வருசத்துக்குப் பிறகும் ஹியூமன் லீக் என்ற பெயரில் மேடையில் நின்றவர்கள் மூன்று பேர்: ஓக்கி, கத்தரோல், சலி.

இந்தக் கிழமை 'டேர்' ஐ முதலாம் பாட்டில் தொடங்கி ஒழுங்கு மாற்றாமல் கேளுங்கோ. பிறகு நீங்கள் செய்து மூலையில் போட்டுவைத்திருக்கிற, குரல் சரியில்லை என்று வெளியிடாமல் விட்ட பாட்டை எங்களுக்கு அனுப்புங்கோ. திருத்தாமல் அனுப்புங்கோ.